மீரான் பாய் பார்த்து வைத்த ஓட்டல்

கோட்டைமேட்டில் நாகூர் மீரானைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைத் தேடினாலும் கிடைக்காது. இதை அவர் முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் மனைவி சாஜிதா பேகமே, வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றி முடிக்கும் முன்பு சொல்லிவிடுவார். மனிதர் படுக்கப் போகும் முன் கேஸ் சிலிண்டரை மூன்று தடவை திருகிப் பார்ப்பார். லிஃப்டில் ஏற மாட்டார். ஏழாவது மாடியானாலும் படிதான். பஸ்ஸில் அவசர வழி எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். வயது ஐம்பத்து நான்கு, உயரம் ஆறடி, கை இரண்டும் உலக்கை மாதிரி. உள்ளே இருப்பது அத்தனையும் பயம்.

அப்படிப்பட்டவர் பிழைப்புக்கு என்ன செய்கிறார் என்று கேட்டால் சிரிப்பீர்கள். கடலுக்கு நடுவில் இருக்கும் தீவுகளுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறார். அங்கே அவர்கள் தங்குவதற்கு ஓட்டல் பார்த்துக் கொடுப்பதில்தான் அவருக்குப் பேர். துடியலூரிலிருந்து சூலூர் வரைக்கும், மீரான் பாய் பார்த்து வைத்த ஓட்டல் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை.

இந்த வேலைக்கு அவர் வந்தது ஜெனரேட்டர் வழியாக. பதினாறு வயதில் உக்கடத்தில் ஒரு கடையில் மோட்டாருக்குக் காயில் கட்டக் கற்றுக்கொண்டார். பிறகு பகலில் பாதி நேரம் கரண்ட் இல்லாத வருடங்கள் வந்தன. அந்தச் சில வருடங்களில் கோயமுத்தூரில் ஜெனரேட்டர் இல்லாத பட்டறை கிடையாது, மீரான் கை படாத ஜெனரேட்டரும் அதிகம் கிடையாது. தெருமுனையில் நின்று காது கொடுத்தால் போதும். எது உழைக்கிறது, எது சத்தம் மட்டும் போடுகிறது என்று சொல்லிவிடுவார். அப்போது ஒரு பம்ப்செட் கம்பெனி தன் டீலர்களை அந்தமான் கூட்டிப்போய், இரண்டு நாள் கரண்டும் தண்ணீரும் இல்லாத ஓட்டலில் போட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பியது. அடுத்த வருடம் மேனேஜர் மீரானைக் கூப்பிட்டு, “ஏனுங்க பாய், நீங்க ஒரு எட்டு முன்னாடி போய்ப் பார்த்துட்டு வந்துருங்களேன்” என்றார். விமானம் என்றதும் மீரான் வேண்டவே வேண்டாம் என்றார். ஆனாலும் போனார். இரண்டே நாளில் ஒரு நல்ல ஓட்டலைப் பிடித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அதுவே தொழிலாகிவிட்டது.

தீவில் ஓட்டல் பார்ப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. பெரிய ஓட்டல்காரன் ஒரு நாள் வாடகையாக நம் ஒரு மாதச் சம்பளத்தைக் கேட்பான். ஆனால் அவனிடம் இன்ஜினியர் இருப்பார், கரண்ட் போனதே நமக்குத் தெரியாது. சின்ன லாட்ஜில் எதையும் எதிர்பார்க்க மாட்டோம், மெழுகுவத்தியோடு போவோம். நடுவில் இருக்கிறதே, நம்மைப் போன்றவர்கள் தங்குகிற நடுத்தர ஓட்டல், அங்கேதான் ஆபத்து. அவனிடம் எல்லாம் இருப்பதாக போர்டில் எழுதியிருப்பான். எழுதியதில் எது உண்மை என்பதைக் கரண்ட் போன பிறகுதான் தெரிந்துகொள்ள முடியும். அந்தத் தீவுகளில் கரண்ட்டுக்கு டீசல் கப்பலில் வரவேண்டும். கடல் கொந்தளித்தால் கப்பல் வராது. கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாவிட்டால் குழாயில் தண்ணீர் வராது. எல்லாம் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கிற இடம்.

அதனால் மீரான் ஒரு ஓட்டலுக்குப் போனால் அறையைப் பார்க்க மாட்டார். மெத்தையை அழுத்திப் பார்ப்பது, ஜன்னலைத் திறந்து கடல் தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்பது, அதெல்லாம் கிடையாது. நேரே பின்பக்கம் போவார். ஜெனரேட்டர் எங்கே என்பார். எல்லா அறையிலும் ஏசியைப் போட்டு முழு லோடு ஏற்றச் சொல்லி, மெயின் சுவிட்சை இறக்கச் சொல்லி, ஜெனரேட்டரை ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்வார். முதலாளி முகம் சுளித்தாலும் விட மாட்டார். பக்கத்தில் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருப்பார். அவருடைய பயமெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில்தான் காசாகும்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் அக்டோபரில், அவர் வழக்கமாக ஆட்களைத் தங்க வைக்கும் ஓட்டல் கைமாறிவிட்டது. டிசம்பர் டூருக்கு வேறு இடம் பார்க்க வேண்டும் என்று கிளம்பிப் போனார். போர்ட் பிளேயரிலிருந்து இன்னும் இரண்டரை மணி நேரம் கப்பலில் போக வேண்டிய சின்னத் தீவு. பெயர் வேண்டாம், அங்கே ஓட்டல் நடத்துகிறவர்கள் ஏற்கெனவே படாத பாடு படுகிறார்கள். இரண்டு நாளில் ஐந்து ஓட்டல் பார்த்து ஐந்தையும் கழித்தார். ஒன்றில் ஜெனரேட்டருக்குள் பல்லி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. ஆறாவது ஓட்டலின் வாசலில் நின்று, “ஏனுங்க, யாராச்சும் இருக்கீங்களா?” என்று கூப்பிட்டார்.

“வந்துட்டனுங்க” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

தமிழே அபூர்வமான இடத்தில் நம்ம ஊர் ‘ங்க’. மீரானுக்குக் காதில் தேன் பாய்ந்தது. வெளியே வந்தவர் பாலகோபால், சோமனூர்க்காரர். தறி உதிரிபாகக் கடை வைத்திருந்தவர், பதினைந்து வருடத்துக்கு முன் ஒரு சொந்தக்காரரோடு இங்கே வந்து, பதினான்கு அறையோடு இந்த ஓட்டலைக் கட்டியிருக்கிறார். நல்ல மனிதர். அவரைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்ல முடியாது, இந்தக் கதை முடிந்த பிறகும் சொல்ல முடியாது.

“கோட்டைமேடுங்களா பாய்? அட, மொதல்ல வந்து உக்காருங்க. சாப்புட்டுத்தான் பேச்சு.”

ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து மீனும் ரொட்டியுமாகத் தின்று நாக்கு செத்துப்போயிருந்த மீரானுக்கு முன்னால், பாலகோபாலின் மனைவி அரிசிம்பருப்புச் சாதத்தைச் சுடச்சுட வைத்து, மேலே நெய்யும் விட்டார். மீரான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் எழுந்து பின்பக்கம் போனார், அதை மறக்கவில்லை. கொட்டகையில் ஜெனரேட்டர் தார்ப்பாய் போர்த்தியிருந்தது. தார்ப்பாயைத் தூக்கினார். ஆயுத பூஜை முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஜெனரேட்டரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன, காய்ந்த மாலை ஒன்று தொங்கியது, துளி தூசி இல்லை. மிஷினுக்குப் பொட்டு வைத்துக் கும்பிடுகிற ஊரிலிருந்து வந்தவர் அல்லவா, வேறு எப்படி இருக்கும் என்று மீரானின் மனசு குளிர்ந்தது.

“வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை தவறாம ஸ்டார்ட் பண்ணிப்போடுவமுங்க பாய்” என்றார் பாலகோபால்.

லோடு போட்டு ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டுங்க. இந்த வார்த்தை மீரானின் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. முன்பின் தெரியாதவர்களிடம் கூசாமல் கேட்டவர்தான். ஆனால் இவர் கையால் சாப்பிட்ட ஈரம் விரலில் இன்னும் காயவில்லை. உங்கள் பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று ஒரு மனிதரிடம் அவர் வீட்டுக் கொல்லையில் நின்று எப்படிச் சொல்வது? அப்போது அடுப்படியிலிருந்து அந்தம்மாவின் குரல் வந்தது.

“காப்பி ஆறுதுங்க பாய், வாங்க.”

மீரான் தார்ப்பாயை இறக்கிவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்.

டிசம்பர் டூருக்குப் பதினெட்டுப் பேர் சேர்ந்தார்கள். அதில் துடியலூர் ராமுலுவும் அவர் மனைவி பங்காரம்மாவும் உண்டு. ராமுலுவுக்கு அறுபத்தொன்பது வயது. மில்லில் பஞ்சு சீவுகிற பகுதியில் நாற்பது வருடம் வேலை பார்த்தவர். அந்த நாற்பது வருடத்துப் பஞ்சுத் தூசியும் நெஞ்சுக்குள் தங்கிவிட்டது. தோள்பை அளவுக்கு ஒரு ஆக்சிஜன் மிஷின் எப்போதும் கூடவே இருக்கும். மூக்கில் மெல்லிய குழாய். கரண்ட்டில் ஓடும், சார்ஜ் ஏற்றினால் இரண்டரை மணி நேரம் தாங்கும். தூசியே இல்லாத காற்றைக் கடலுக்கு நடுவில் உட்கார்ந்து ஒரு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. டாக்டர் யோசித்து, கரண்ட் கட்டாயம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதக் கடிதம் கொடுத்தார்.

மகன் யஷ்வந்த் மீரானுக்கு ஃபோன் செய்தான். “பாய், கார்ல போட்டு சார்ஜ் ஏத்தற ஒயர் ஒண்ணு தனியா இருக்குதுங்க. அதையும் குடுத்து உடட்டுங்களா? ஏற்கெனவே மூணு பை ஆயிப்போச்சு.”

“எதுக்குங்க சுமை? அங்க ஜெனரேட்டர் இருக்குது. கரண்ட்டுக்கு நான் பொறுப்புங்க” என்றார் மீரான்.

பொறுப்பு என்ற வார்த்தையை அதற்கு முன் அவர் வாழ்நாளில் சொன்னதில்லை. அந்த ஒயர் துடியலூர் வீட்டு பீரோவில் பத்திரமாக இருந்தது.

திங்கட்கிழமை போய் இறங்கினார்கள். அன்று சாயங்காலமே பத்து நிமிடம் கரண்ட் போய் வந்ததாம். மீரான் அப்போது பெட்டிகளுக்காகப் படகுத்துறையில் நின்றிருந்தார். செவ்வாய் முழுக்க ராமுலு கடலைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். குழந்தை மாதிரி சிரித்தார். புதன்கிழமை விடிந்தபோது வானம் கறுத்துக் கிடந்தது. எட்டு மணிக்குக் காற்று ஆரம்பித்தது. கப்பல் இன்றைக்கு வராது, நாளைக்கும் சந்தேகம் என்று படகுத்துறையிலிருந்து ஆள் வந்து சொன்னான். ஒன்பதரைக்குக் கரண்ட் போனது. ஃபோனில் சிக்னலும் கூடவே போய்விட்டது.

ஜெனரேட்டர் கிளம்பியது. எல்லா அறையிலும் ஃபேன் சுற்றியது, யாரோ கைகூடத் தட்டினார்கள். மீரான் மட்டும் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். சத்தத்துக்குள் ஒரு இழுப்பு இருந்தது. மேடு ஏறுகிற கிழவரின் மூச்சைப் போல ஒவ்வொரு இருபது விநாடிக்கும் ஒரு தடவை விக்கியது. மீரான் எழுந்து கொட்டகைக்கு ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் அது இரண்டு முறை இருமி, நின்றேவிட்டது.

பாலகோபால் சாவியைத் திருகினார், திருகிக்கொண்டே இருந்தார். பேட்டரி இறங்கி, கடைசியில் கட்டெறும்பு ஊர்கிற சத்தம்கூட வரவில்லை. வரவேற்பறையில் இருந்த இன்வெர்ட்டரில் ராமுலுவின் மிஷினை மாட்டினார்கள். அது பழைய பேட்டரி, அரை மணி நேரத்தில் மூச்சை விட்டது. பத்தரைக்கு மிஷின் தன் சொந்த சார்ஜில் ஓட ஆரம்பித்தது. இரண்டரை மணி நேரம். ஒரு மணிக்கு முடியும். மீரான் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தார்.

தீவின் சுகாதார நிலையம் ஆறு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அங்கே ஆக்சிஜன் சிலிண்டர் உண்டு. வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்ததால் வண்டி போகாது. ஓட்டல் வேலையாட்கள் இரண்டு பேர் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தே கிளம்பினார்கள்.

மீரான் ராமுலுவின் அறைக்குப் போனார். “மூச்சு எப்படீங்க இருக்குது?”

“நல்லாருக்குதுங்க பாய். ஒரு தொந்தரவும் இல்லீங்க. நீங்க மத்தவங்களப் பாருங்க” என்றார் ராமுலு.

சொன்னவரின் உதட்டு ஓரம் நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது. பங்காரம்மா, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்ட அவர் விரலில் மாட்டியிருந்த சின்னக் கருவியை மீரான் பக்கம் திருப்பிக் காட்டினார். எண்பத்தெட்டு. தொண்ணூறுக்குக் கீழே போகக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். புழுக்கமும் பதற்றமும் சேர்ந்து, மிஷின் ஓடும்போதே இந்தக் கதி. அது நின்றால் என்ன ஆகும் என்று நினைக்கவே மீரானுக்குப் பயமாக இருந்தது. வாய்க்கு நல்லாருக்குதுங்க என்றுதான் சொல்ல வரும், இந்த மனிதர் செத்தாலும் தொந்தரவில்லீங்க என்று சொல்லிவிட்டுத்தான் சாவார். நம்ம ஊர் மரியாதையைக் கண்டு மீரான் முதல் தடவையாக நடுங்கினார்.

கொட்டகைக்குத் திரும்பி ஸ்பேனரைக் கையில் எடுத்தார். கை நடுக்கத்தில் ஸ்பேனர் நட்டில் உட்காரவில்லை. முப்பது வருடமாகக் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்த வேலை. நட்டு வழுக்கியது, விரல் முட்டி பெயர்ந்து ரத்தம் வந்தது. காற்று தகரக் கூரையை ஒரு பக்கமாகத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு தடவையும் மீரான் தலையைக் கையால் மூடிக்கொண்டு குனிந்தார். ஓடிப்போய் எங்கேயாவது கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. யஷ்வந்துக்கு என்ன சொல்வது? எந்தக் கப்பலில், எந்தப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோவது? வேண்டாம் வேண்டாம் என்றாலும் மனசு அங்கேயே போய் நின்றது. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று வாய் அதுபாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

எப்படியோ டீசல் ஃபில்டரைக் கழற்றினார். உள்ளே டீசல் இல்லை. கறுப்பாக, களி மாதிரி சேறு. டீசல் தொட்டியின் அடியில் எத்தனையோ வருடமாகப் படிந்து கிடந்தது. வெள்ளிக்கிழமை ஐந்து நிமிடம் சும்மா ஓட்டினால் அது அசையாது. பதினான்கு அறையின் பாரமும் தலையில் ஏறி, டீசலை வேகமாக உறிஞ்சியபோதுதான் கிளம்பி வந்து அடைத்திருக்கிறது.

“வெள்ளிக்கிழமை தவறாம ஓட்டுவனுங்களே பாய்” என்றார் பாலகோபால். அவர் கண் கலங்கியிருந்தது.

“ஓட்டுனீங்க. லோடு போட்டு ஓட்டுனீங்களா?”

பாலகோபால் தலையைக் குனிந்துகொண்டார். “யாரும் போட்டுக் காட்டச் சொல்லிக் கேக்கலீங்க.”

அவர் குத்திக் காட்டுவதற்காக அதைச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். கேட்க வேண்டிய ஒரே ஆள் காப்பி குடிக்கப் போயிருந்தான்.

முற்றத்தில் நின்ற ஜீப்பின் டேங்கில் ரப்பர் குழாயை விட்டு, மீரான் வாயால் உறிஞ்சி டீசல் எடுத்தார். ஒரு வாய் உள்ளேயே போய்விட்டது. பழைய தொட்டியைத் தொடவே இல்லை. இருபது லிட்டர் கேனைக் கூரைச் சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து நேரே ஜெனரேட்டருக்குக் குழாய் இழுத்தார். ஃபில்டரை டீசலிலேயே கழுவிக் கழுவி வெளுக்க வைத்தார். ஜீப்பின் பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னார். குழாய்க்குள் புகுந்த காற்றைக் கைப்பம்பால் அடித்து அடித்து வெளியேற்ற வேண்டும். ஒரு குமிழி உள்ளே இருந்தாலும் கிளம்பாது. குமிழி வந்துகொண்டே இருந்தது.

அப்போது ராமுலுவின் அறையிலிருந்து மிஷினின் எச்சரிக்கை மணி கேட்டது. பீப், பீப், பீப். மணி பன்னிரண்டு ஐம்பது. பத்து நிமிடம் முன்னாலேயே சார்ஜ் தீர்ந்துவிட்டது.

அந்த பீப் சத்தம் நின்றபோது மீரானுக்கு இன்னும் பயமாகிவிட்டது. இருந்த சத்தமும் இல்லை. பங்காரம்மா அறை வாசலில் நின்றுகொண்டு, மழைக்கு மேல் குரல் எடுத்து எண்ணை மட்டும் சொன்னார். அழவில்லை, திட்டவில்லை.

“எம்பத்தி நாலுங்க பாய்.”

மீரான் பம்பை அடித்தார்.

“எம்பத்தி ஒண்ணுங்க.”

குமிழி குறைந்தது. நிற்கவில்லை.

“எழுபத்தி எட்டுங்க பாய். என்னைத் தெரியலீங்கறாருங்க.”

குழாயில் டீசல் கண்ணாடியாக வந்தது. மீரான் நட்டை இறுக்கினார். “மத்த சுச்சு எல்லாத்தையும் அடிச்சுப்போடுங்க, அந்த ரூம் மட்டும் இருக்கட்டும்!” என்று கத்தினார். மீரானே சாவியைத் திருகினார். கிளம்பவில்லை. மறுபடி திருகினார். ஒரு தடவை குலுங்கி, கறுப்பாகப் புகை தள்ளி, பிடித்துக்கொண்டது. மீரான் அசையாமல் காது கொடுத்து நின்றார். விக்கல் இல்லை. அப்படியே சேற்றில் உட்கார்ந்து, மடக்கிய முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

ராமுலுவின் எண் தொண்ணூற்றொன்றுக்கு ஏற முக்கால் மணி நேரம் ஆனது. சிலிண்டரோடு அந்த இருவரும் வந்து சேர்ந்தபோது மணி மூன்றரை. மீரான் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு ராமுலுவைப் பார்த்தார். மிஷின் சார்ஜ் தீர்ந்ததற்கும் சிலிண்டர் வந்ததற்கும் நடுவில் இருந்த இரண்டரை மணி நேரத்துக்கு மேலான அந்த வித்தியாசம் அவரை இன்றைக்கும் தூங்கவிடுவதில்லை.

ஊர் திரும்பிய பிறகு நடந்ததுதான் அவருக்குப் பெரிய தண்டனை. யஷ்வந்த் துடியலூர் வீட்டுக்கு அழைத்தான். மருமகள் பூஜிதா தட்டில் பழமும் சால்வையும் வைத்துக் கொண்டுவந்தாள். “பாய் இல்லீன்னா எங்க ஊட்டுல வெளக்கே இல்லீங்க” என்று பங்காரம்மா கையெடுத்துக் கும்பிட்டார். மீரானுக்கு அந்தச் சால்வையைப் பார்க்கவே நெருப்பாகச் சுட்டது. வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் கடலுக்கு நடுவில் இருக்கிறார், அவரும் சொல்ல மாட்டார்.

“அண்ணா” என்றார் ராமுலுவிடம். “நான் அந்த ஜெனரேட்டரப் போட்டுப் பாக்கலீங்க. சாப்பாடு போட்டாரு, நம்ம ஊர்க்காரரு, எப்படிக் கேக்கறதுன்னு உட்டுப்போட்டேன். உங்க உசுர நான்தான் கொண்டுபோயி அங்க வெச்சேன்.”

பங்காரம்மாவின் கும்பிட்ட கை மெதுவாகக் கீழே இறங்கியது. யஷ்வந்தின் முகம் சிவந்தது. ராமுலு மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார்.

“மொத நாள் சாயங்காலம் பத்து நிமிசம் கரண்ட் போச்சுங்களே பாய். அப்பவே கேட்டேன். அது முக்குன முக்கு எனக்குத் தெரியாதுங்களா? நாப்பது வருசம் மிஷின் பக்கத்துலயே நின்னவன். சொன்னா உங்க மனசு சங்கடப்படுமேன்னு சொல்லாம உட்டுட்டேன்.”

பங்காரம்மா திரும்பிப் புருஷனைப் பார்த்தார். “நல்லா வாச்சீங்க ரெண்டு பேரும்” என்று சொல்லிவிட்டு, சால்வைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் திரும்பி வந்தது வெறுங்கையோடுதான். மீரானுக்கு அப்போதுதான் மூச்சு ஒழுங்காக வந்தது.

போன அக்டோபரில் மீரான் மறுபடியும் அந்தத் தீவுக்குப் போனார். புதுத் தொட்டி வைத்துவிட்டதாகப் பாலகோபால் நாலைந்து முறை ஃபோன் செய்திருந்தார். மற்ற ஓட்டல்களின் லட்சணமும் மீரானுக்குத் தெரியும். கப்பலில் போகும்போதே நெஞ்சு அடித்துக்கொண்டது. புயலை நினைத்து அல்ல. ஒரு நல்ல மனிதரின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டிய நாலு வார்த்தையை நினைத்து. படகுத்துறையிலிருந்து ஓட்டல்வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

பாலகோபால் வாசலுக்கே ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். உள்ளே அரிசிம்பருப்பு தாளிக்கிற வாசம் வந்தது. மீரான் செருப்பைக் கழற்றவில்லை. நேரே கொட்டகைக்கு நடந்தார். தார்ப்பாயைத் தூக்கினார். புதுச் சந்தனம், புதுக் குங்குமம், வாடாத மாலை.

“எல்லா ரூம்லயும் ஏசியப் போடுங்க. மெயின எறக்குங்க” என்றார். “ஒரு மணி நேரம் ஓடட்டும்.”

பாலகோபாலின் முகம் சுருங்கிப்போனது. “நான் சொன்னா நம்பிக்கை இல்லீங்களா பாய்?”

மீரான் மூலையில் கிடந்த பக்கெட்டை இழுத்துக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார். பாலகோபால் போய் ஏசிகளைப் போட்டுவிட்டு மெயினை இறக்கினார். ஜெனரேட்டர் கிளம்பியது. மீரான் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுப்படியிலிருந்து அந்தம்மாவின் குரல் வந்தது. “காப்பி ஆறுதுங்க பாய், வாங்க.”

மீரான் கண்ணைத் திறக்கவில்லை.

“ஆறட்டுங்க” என்றார்.